மூன்றாவது அறையில் பத்து நிமிடம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவளைத் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். செடித் தொட்டிகள் அவள் பொறுப்பு என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். குழாய் ஒழுகினாலும் அவள்தான், கதவு இறுகினாலும் அவள்தான், விளக்கு கண்ணடித்தாலும் அவள்தான். அதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். ஆனால் மூன்று பேரைத் தேடிப்பிடித்துக் கெஞ்சுவதைவிட நாமே ஸ்பானரை எடுத்துவிடுவது மேல் என்கிற வயது அவளுக்கு வந்திருந்தது.

ஐம்பத்து மூன்று. காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் நாத்தனாரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியையும் ஒரு அசட்டுச் சிரிப்பையும் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குப் பஸ் பிடிப்பாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. கணவர் பஸ் ஓட்டுநர்தான். ஆனால் அவர் ஓட்டுவது தூரத்து ஊர்களுக்குப் போகிற வண்டி, வாரத்தில் ஐந்து நாள் ஆளையே பார்க்க முடியாது. பஸ்காரர் பெண்டாட்டிக்குப் பஸ்ஸில் நிற்கத்தான் தலையெழுத்து என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முழங்கால் வலிக்கும்.

வேலை, வரிசையாக இருந்த மூன்று கண்ணாடி அறைகளில். மூன்றிலும் பீன்ஸ் செடிகள், அறைக்கு நாற்பது தொட்டி. முதல் அறையில் செடிகளின் மேல் பச்சைப் புழுக்களை விட்டிருந்தார்கள். இலையெல்லாம் சல்லடை. அங்கிருந்து ஒரு தடித்த குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டாவது அறைக்குப் போனது. அதில் காற்று மட்டும் போகும். மூன்றாவது அறைக்குப் புழுவும் கிடையாது, குழாயும் கிடையாது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தண்ணீர் எவ்வளவு, விளக்கு எத்தனை மணிக்கு, தொட்டியை இடம் மாற்றாதே, கதவைத் திறந்து போடாதே, புழுவைத் தொட்ட கையுறையோடு உள்ளே வராதே என்று பதினான்கு கட்டளைகள். பதினான்கையும் அவள் அட்சரம் பிசகாமல் செய்தாள். எதற்காக என்று யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் நீளமாக வரும், நின்றுகொண்டே கேட்கவேண்டும்.

நின்றுகொண்டே என்பதுதான் விஷயம். கண்ணாடி அறைகளிலும் வராந்தாவிலும் நாற்காலி கூடாது என்பது பேராசிரியர் போட்ட விதி. நாற்காலித் துணியில் பூஞ்சை பிடிக்குமாம். ஊழியர்கள் உட்காரும் அறை எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஏறி இறங்குவதற்குள் உட்கார்ந்த சுகம் போய்விடும். அதனால் தினமும் மதியம் மூன்று மணி வாக்கில் அவள் மூன்றாவது அறைக்குப் போவாள். பக்கெட்டைக் கவிழ்ப்பாள். உட்காருவாள். பத்து நிமிடம்.

நாளில் அந்தப் பத்து நிமிடம்தான் அவளுடையது. அந்த அறையில் அரிபட்ட இலை இல்லை, புழுவின் கழிவு இல்லை, யாரும் முனகவில்லை, யாரும் கத்திக் கூப்பிடவில்லை. கால் இரண்டையும் நீட்டி, கண்ணை அரைவாசி மூடிக்கொள்வாள். கை மட்டும் சும்மா இருக்காது. பழுத்த இலை, கோணல் இலை, அடியில் மண்ணைத் தொடுகிற இலை என்று ஒவ்வொன்றாகக் கிள்ளும். கிள்ளியதை விரலுக்கிடையில் உருட்டி நசுக்கி மூக்கருகே கொண்டுபோவாள். அந்தப் பச்சை வாசனை ஏறினால் தலைக்குள் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். பிறகு எழுந்து, கிள்ளியதையெல்லாம் சுத்தமாகக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடுவாள். குப்பை போட்டுவிட்டுப் போகிறவள் என்று அவளை ஒருவரும் சொல்லிவிட முடியாது.

அந்த ஆராய்ச்சியைச் செய்தவள் ஒரு பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். பட்டம் இன்னும் வரவில்லை. ஆனாலும் எல்லோரும் அவளைச் சின்ன டாக்டர் என்றார்கள். பாதி கேலி, பாதி பிரியம். பதினோரு மாதமாக இலைகளின் காம்புகளை உருப்பெருக்கியில் பார்த்து, தலைமுடி கனத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாயால் எதையோ உறிஞ்சி, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சாப்பிட மறந்துவிடுவாள். "பாப்பா, செடிக்குத் தண்ணி ஊத்த நான் இருக்கேன், உனக்கு யாரு ஊத்தறது?" என்று தொட்டியக்கா திட்டினால்தான் டப்பாவைத் திறப்பாள்.

ஒரு மதியம், உரமூட்டைகள் வைக்கும் அறைக்கு மண்வெட்டி எடுக்கப் போன தொட்டியக்கா, மூட்டை மேல் உட்கார்ந்து சின்ன டாக்டர் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தாள். சத்தமில்லாத அழுகை. மூக்குதான் காட்டிக்கொடுத்தது.

"என்ன பாப்பா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"பேராசிரியர் முடிச்சுக்கச் சொல்லிட்டார்க்கா. மாசக் கடைசிக்குள்ள 'இந்தச் செடிங்க பேசிக்கறதில்ல'ன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புன்னு சொல்லிட்டார்."

"பேசிக்கறதில்லையா? எது?"

சின்ன டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு அது சொல்லப்பட்டது.

"ஒரு செடியைப் புழு கடிச்சா அது ஒரு வாசனை விடும்க்கா. பக்கத்துச் செடிக்குக் காத்துல அது போய்ச் சேரும். உடனே அந்தச் செடியும் உஷாராயிடும். இலைக் காம்புகிட்ட தேன் மாதிரி ஒரு துளி விடும். அதுக்கு எறும்பு வரும். வந்த எறும்பு புழுவைத் தூக்கிட்டுப் போயிடும். கடி படறதுக்கு முன்னாடியே காவலுக்கு ஆள் கூப்பிட்டு வெச்சுக்குது, புரியுதா? அதான் முதல் ரூம்ல புழு, ரெண்டாவது ரூமுக்குக் குழாய்."

"அப்ப மூணாவது ரூம்?"

"அதுங்களுக்கு ஒண்ணுமே தெரியக்கூடாது. நிம்மதியா இருக்கணும். அதுங்களோட ஒப்பிட்டாத்தான் ரெண்டாவது ரூம் செடிங்க சேதி கேட்டுச்சான்னு தெரியும். ஆனா அதுங்களும் அதே அளவு தேன் விடுது! எட்டுத் தடவை புதுசா விதை போட்டு வளர்த்துப் பார்த்தாச்சு. காரணமே இல்லாம விடுதுன்னா, இதுக்கும் சேதிக்கும் சம்பந்தமே இல்லைன்னுதானே அர்த்தம்?"

"யாராவது அதுங்களுக்கு ரகசியமாச் சொல்லிட்டாங்களோ என்னமோ," என்றாள் தொட்டியக்கா, அழுகிற பெண்ணைச் சிரிக்க வைக்கிற எண்ணத்தில்.

"யார் சொல்றது? அங்க புழு ஏது? ஒரு இலையைக் கிள்ளி நசுக்கினாக்கூடப் போதும், செடிக்கு அதுவும் காயம்தான், உடனே வாசனை விட்டுடும். ஆனா அந்த ரூம்ல போய் யாருக்கா இலையைக் கிள்ளப் போறா?"

தொட்டியக்கா தன் விரல்களைப் பார்த்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதற்கு எடுத்தோம் என்பது மறந்துபோயிற்று. வராந்தாவில் கொஞ்ச நேரம் மண்வெட்டியும் கையுமாக நின்றுவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் பயந்து, கதவோரம் சாய்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் நாத்தனாருக்கு முதுகில் பவுடர் போடும்போது மனசு தாங்காமல் சொல்லிவிட்டாள். நாத்தனாருக்கு உடம்பில் அசைவது வாய் ஒன்றுதான். ஆனால் உடம்பு முழுவதற்குமான வேலையை அது பார்த்துவிடும்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்தபடி.

"கேட்கல அண்ணி."

"நீ கிள்ளினதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? வாயை மூடிட்டு தண்ணி ஊத்து. நீ போய்ச் சொன்னா உன்னை அந்த ரூம் பக்கமே விடமாட்டாங்க. வேலையை விட்டே தூக்கினாலும் தூக்குவாங்க. அவ படிச்ச பொண்ணு, வேற ஏதாவது பார்த்துப்பா. செடி பேசினா என்ன, பேசாட்டி என்ன? இங்க மனுஷங்க பேசறதையே கேட்க ஆளில்ல. இன்னும் கொஞ்சம் மேல போடு, அங்கதான் அரிக்குது."

தொட்டியக்கா இன்னும் கொஞ்சம் மேலே போட்டாள். நாத்தனார் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ விஷயங்களை இப்படித்தான் விழுங்கியிருக்கிறாள். இதையும் விழுங்கிவிட்டால் மதியம் மூன்று மணி அவளுக்கு மிஞ்சும். இதை விட்டால் உட்கார வேறு எங்கே போவது?

மறுநாள் மூன்று மணிக்குப் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். கையை மடியில் கட்டிக்கொண்டாள். இரண்டு நிமிடம் அப்படி இருந்தாள். கண் சொருகியது. விழித்துப் பார்த்தால் விரலுக்கிடையில் நசுங்கிய இலை. எப்போது கிள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. அடச்சீ என்று தன் கையையே தட்டிவிட்டாள்.

பிறகுதான் அந்தச் செடியின் காம்பை உற்றுப் பார்த்தாள். ஊசிமுனையளவு ஒரு துளி, பளபளவென்று. அடுத்த காம்பில் இன்னொன்று. அதற்கடுத்ததிலும். கண்ணாடியும் சுவரும் சேரும் இடத்திலிருந்து எறும்பு ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நாலைந்து.

இந்த எறும்புகளோடு அவளுக்கு மாதக்கணக்கில் தகராறு. வாராவாரம் எறும்பு மருந்துக் கோடு போடுவாள், ஈரத்துணியால் துடைப்பாள். இவ்வளவு சுத்தமான அறைக்கு எதைத் தேடி வருகிறது இந்தச் சனியன் என்று திட்டுவாள். பக்கத்து அறைகளுக்கு வருகிற அதே எறும்பு இங்கேயும் ஏன் வருகிறது என்று யோசித்ததில்லை. எறும்பைப் பற்றி யோசிக்க அவளுக்கு ஏது நேரம்? இப்போது புரிந்தது. அவை தானாக வரவில்லை. கூப்பிட்டு வந்திருக்கின்றன. அவள் கால் நீட்டி உட்கார்ந்து நிம்மதி என்று மூச்சுவிட்ட நேரத்திலெல்லாம் சுற்றியிருந்த நாற்பது செடிகளும் ஆபத்து, ஆபத்து என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. அவளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகத்தான் காவலுக்கு ஆள் கூப்பிட்டிருக்கின்றன. அந்த அறையில் புழு இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இருந்தது, பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஒருவருக்கும் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்த ஒரே இடத்திலும் தொந்தரவாகத்தான் இருந்திருக்கிறோம் என்பதை அவளால் தாங்கவே முடியவில்லை. எழுந்தாள். கையில் அந்த இலையோடே போய்ச் சின்ன டாக்டரின் மேஜை முன்னால் நின்றாள்.

"பாப்பா, நான்தான்."

"என்னக்கா நீங்கதான்?"

"மூணாவது ரூம்ல இலை கிள்ளினது. தினமும். மூணு மணிக்கு அங்க போய் உட்காருவேன். கிள்ளிக் கிள்ளி நசுக்கிட்டே இருப்பேன். நீ நேத்து சொன்ன பிறகுதான் தெரியும்."

சின்ன டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"பதினோரு மாசம்க்கா!" குரல் கிறீச்சிட்டது. "பதினோரு மாசம்! ஏன்க்கா சொல்லல?"

"நீ ஏன்ம்மா சொல்லல?"

அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. களைப்பில் வந்தது. ஆனாலும் கேட்டது கேட்டதுதான். சின்ன டாக்டர் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். பதினான்கு கட்டளைகளையும் விரல் வைத்துப் படித்தாள். இலையைத் தொடாதே என்று எங்கேயும் இல்லை. எழுதியது அவளே. செடியைப் பற்றி அவ்வளவு தெரிந்தவளுக்கு, செடியைத் தொட்டுத் தொட்டே வேலை பார்க்கும் ஒருத்தியின் கை எப்படிப்பட்டது என்று தோன்றவில்லை.

திரும்பி வந்தவள் நாற்காலியில் விழுந்தாள். நோட்டைப் புரட்டினாள். கோபமாகத்தான் புரட்டினாள், ஒரு பக்கம் கிழிந்தே போயிற்று. ஓரிடத்தில் நின்றாள்.

"அக்கா, மழைக்காலத்துல நீங்க லீவு போட்டீங்கல்ல?"

"அண்ணிக்கு நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில இருந்தப்ப. ஒன்பது நாள்."

"அந்த ஒன்பது நாள் தண்ணி ஊத்தினது யாரு?"

"தோட்டத்துப் பெரியவர். அவர் ஊத்திட்டு ஓடிடுவார். அவருக்குக் கண்ணாடி ரூம்னாலே மூச்சு முட்டும்."

சின்ன டாக்டர் நோட்டிலிருந்த தேதிகளை விரல் வைத்துச் சரிபார்த்தாள். நோட்டைத் திருப்பி அவள் பக்கம் காட்டினாள். ஐந்தாவது தடவை என்று தலைப்பு. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. "இந்த ஒரு தடவை மட்டும் மூணாவது ரூம்ல துளியே இல்லக்கா. ரெண்டாவதுல நிறைய. மத்த ஏழோட ஒத்துப்போகலையேன்னு, நானே எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு அடிச்சு வெச்சுட்டேன்."

"அப்ப இதுதான் சரியா?"

"இதுதான்க்கா சரி." அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தொட்டியக்காவுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது முடியும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

பேராசிரியர் மாதக் கடைசிக்குப் பதில் மூன்று மாதம் கொடுத்தார். மூன்றாவது அறைக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள். கட்டளைகள் பதினைந்தாயின. தொட்டியக்காவிடமிருந்து அந்த அறைச் சாவியைச் சின்ன டாக்டர் வாங்கிக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்கக்கா," என்றாள். தொட்டியக்கா தப்பாக நினைக்கவில்லை. வேலையைவிட்டுத் தூக்கவில்லையே, அதுவே பெரிது என்று நாத்தனாரிடமும் சொன்னாள். "நான் சொன்னேனா இல்லையா, ரூம் போயிடுச்சு பார்," என்றாள் நாத்தனார். அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அடுத்த ஆறு வாரம் தொட்டியக்கா உட்காரவில்லை. மற்ற அறைகளில் பக்கெட்டைக் கவிழ்க்கத் தன் கையை அவளே நம்பவில்லை. மூன்று மணி ஆனால் சுவரில் சாய்வாள். ஒருநாள் உரமூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தாள், மூக்கெல்லாம் எரிந்தது. ஒருநாள் எதிர்க் கட்டடத்தின் மாடிப்படிவரை போய், அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். கணுக்கால் வீங்கியது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாள். இது ஒரு வித்தை என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னாள். வண்டி ஓட்டுகிறவர் அந்த வித்தையை ரசிக்கவில்லை.

ஆறாவது வாரக் கடைசியில் சின்ன டாக்டர் வராந்தாவில் ஓடிவந்தாள். நல்லவேளை, தரை ஈரமாக இல்லை.

"கேட்டுச்சுக்கா! ரெண்டாவது ரூம் செடிங்க கேட்டுச்சு! மூணாவது ரூம்ல ஒண்ணுமே இல்ல, சுத்தமா இல்ல. பேராசிரியரே வந்து எண்ணிப் பார்த்துட்டுப் போனார்!"

"அப்பாடா. நல்லாயிரு பாப்பா." தொட்டியக்காவுக்கு உண்மையாகவே மனசு நிறைந்தது. சுவரைவிட்டு முதுகை எடுத்து அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இதைக் கேட்டா நீங்க சந்தோஷப்படுவீங்க. நாலாவதா ஒரு ரூம் கேட்டு வாங்கியிருக்கேன். மனுஷக் கை கிள்ளினா செடிங்க என்ன சொல்லுதுன்னு பார்க்கப் போறோம். உங்களை வெச்சுத்தான்! நீங்க எப்பவும் செய்ற மாதிரியே செஞ்சாப் போதும். மூணு மணிக்குப் போய், பக்கெட் மேல உட்கார்ந்து, சரியா பத்து நிமிஷம். நிமிஷத்துக்கு ரெண்டு இலை. நான் வெளியில கடிகாரத்தோட நிப்பேன், ஒவ்வொண்ணும் குறிச்சுக்குவேன். உட்கார்ந்துகிட்டே செய்ற வேலைக்கா! உங்களுக்காகத்தான் யோசிச்சேன்."

அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. நிஜமாகவே ஒரு பரிசைத்தான் நீட்டுவதாக நினைத்திருந்தாள். தொட்டியக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்ல வாய் திறந்தாள். எத்தனையோ வருடங்களாக எதற்கும் சரி என்றே சொல்லிப் பழகிய வாய். ஆனால் வந்தது வேறு.

"முடியாதும்மா."

"ஏன்க்கா? கஷ்டமே இல்லையே?"

"நான் அங்க வேலை செய்யல பாப்பா. உட்கார்ந்திருந்தேன்."

சின்ன டாக்டருக்குப் புரியவில்லை.

"காலைல நாலரைக்கு எழுந்தா ராத்திரி படுக்கற வரைக்கும் நான் உட்கார்ந்தது அந்தப் பத்து நிமிஷம்தான். கை பாட்டுக்குக் கிள்ளுச்சு, அது எனக்கே தெரியாது. இப்ப நீ கடிகாரத்தோட நின்னு நிமிஷத்துக்கு ரெண்டுன்னு எண்ணினா, அதுவும் ஒரு வேலை. இலை கிள்ள வேற யாரையாவது வெச்சுக்கோ. எனக்கு..." நிறுத்தினாள். இப்படி ஒன்றைத் தன் வாயால் கேட்டுப் பழக்கமில்லை. முகம் சுட்டது. "எனக்கு உட்கார ஒரு இடம் வேணும். அங்க யாரும் எதுவும் செய்யச் சொல்லக்கூடாது."

இலை அசங்கினால் கவனிக்கிற பெண் அவள். தொட்டியக்காவின் காலை அன்றைக்குத்தான் பார்த்தாள். செருப்பின் வார் வீங்கிய கணுக்காலில் பதிந்து கிடந்தது. சின்ன டாக்டரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. தன் அறைக்குப் போனாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். மெத்தை வைத்த, பூஞ்சை பிடிக்கிற, விதிக்கு விரோதமான நாற்காலி. வராந்தாவில், ஜன்னல் ஓரமாகப் போட்டாள். போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கவும் தெரியாமல், போகவும் தெரியாமல் தவித்து, கடைசியில் போய்விட்டாள்.

தொட்டியக்கா உட்கார்ந்தாள். முதலில் கால் இன்னும் அதிகமாக வலித்தது. பிறகு குறைந்தது. கையை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ, யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.